17-ஆம் கட்டிலில் இருந்த ஐயாவுக்கும், அன்று உடன் நின்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

2021-இல் கொரோனா வார்டில் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நன்றி சொல்ல முடியாது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அது தொடர்ந்து ஆறாவது இரவு டூட்டி. சக மருத்துவர்கள் இருவர் தொற்றில் படுத்துவிட்டதால் பகலிலும் பாதி நேரம் வார்டில்தான். பாதுகாப்பு உடைக்குள் வியர்வை வழியும், கண்ணாடியில் ஆவி படிந்து எழுத்தெல்லாம் மங்கும். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எப்போதோ விட்டிருந்தேன். "14-க்கு ஆக்சிஜன் ஏத்துங்க, 17-க்கு ஊசி போட்டாச்சா?" இதுதான் பேச்சு. வேலை வேகமாக நடக்கத்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசு மரத்துப்போயிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

17-ஆம் கட்டில்காரருக்கு ரத்தம் உறையாமலிருக்க எனாக்சாபரின் ஊசி, நாளுக்கு இரண்டு வேளை. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து அது. சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டால் அளவைக் குறைத்தாக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் அவருக்கு அன்று நன்றாக ஏறியிருந்தது. நான் பார்த்ததோ 14-ஆம் கட்டிலின் ரிப்போர்ட். "நார்மல், அப்படியே தொடரவும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சிஸ்டர், மறுநாள் ராத்திரி டார்ச் அடித்து, அவருடைய சிறுநீர் குழாய்வழி வடியும் பையில் சிவப்பு ஓடுவதைப் பார்த்தது நீங்கள்தான். "காலையில பார்த்துக்கலாம்" என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். நீங்கள் நகரவில்லை. ரிப்போர்ட்டை என் கண்ணெதிரே நீட்டி, "பெயரைப் படிங்க சார்" என்றீர்கள். படித்தேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. உடனே ஊசியை நிறுத்தினோம். ஹீமோகுளோபின் இறங்கியிருந்ததால் ரத்தம் ஏற்றினோம். நாலைந்து நாளில் தேறினார். என் கோபத்துக்குப் பயந்து நீங்கள் திரும்பிப் போயிருந்தால் அடுத்த வேளை ஊசியும் ஏறியிருக்கும். அன்று நன்றிகூடச் சொல்லாமல் போனேன். மன்னியுங்கள்.

சீஃப், உங்கள் அறைக்கு வந்தபோது வேலை போய்விடும் என்றே நினைத்தேன். "கடைசியா எப்போ தூங்கினீங்க?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னீர்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி மருத்துவர்கள் நேரம் குறைத்த டூட்டியில் செய்ததைவிட, பழைய நீண்ட டூட்டியில் கடுமையான தவறுகளை 36 சதவீதம் அதிகமாகச் செய்திருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் பதிவு செய்ய வைத்தீர்கள். அதோடு விடாமல் ரோஸ்டரையே மாற்றினீர்கள். யாருக்கும் 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி இல்லை, ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்காக நிர்வாகத்தோடு எத்தனை முறை மல்லுக்கட்டினீர்கள் என்பது எனக்குத் தெரியும். தோல் பிரிவிலிருந்து வந்து எனக்குப் பதிலாக இரண்டு இரவு நின்ற நண்பருக்கும் நன்றி.

மனநலப் பிரிவுத் தோழிக்கு. களைப்பு, வேலையின்மேல் வெறுப்பு, எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், மூன்றும் எனக்கு இருந்தன. தீராத வேலை அழுத்தத்தால் வரும் பர்ன்அவுட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அடையாளங்களும் இவைதான் என்று காட்டினீர்கள். தவறு செய்த மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று சொல்வதுண்டு என்றீர்கள். அந்தப் பெயர் இன்றும் எனக்கு ஒட்டவில்லை. பாதிக்கப்பட்டவர் 17-ஆம் கட்டிலில் படுத்திருந்தார். ஆனாலும் ஆறு வாரம் என்னை உட்காரவைத்து, நான் பேசப் பேசக் கேட்டீர்களே, அதனால்தான் இந்த வேலையில் இன்னும் இருக்கிறேன்.

ஐயாவின் மகளுக்கு. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாததால் போனில்தான் சொன்னேன். என் தவறு என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "இப்ப அப்பா எப்படி இருக்கார்?" என்றீர்கள். அப்புறம், "எனக்கு உங்கமேல கோபம்தான் டாக்டர். ஆனா தினமும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். அப்படியே தினமும் கூப்பிட்டேன். கோபத்தோடும் என்னை நம்பினீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஐயா, உங்கள் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. இப்போதெல்லாம் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலருகிலும் பெயரைக் கேட்ட பிறகுதான் ரிப்போர்ட்டைத் திறக்கிறேன்.