ஜிம்முக்குப் போகாத நாள்

அன்பு மகன் முத்துவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். "மூணு மாசத்துக்குப் பணம் கட்டியாச்சும்மா, ஒரு நாள் விட்டாலும் நஷ்டம்" என்று நேற்று சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றபடியே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். எழுதி அனுப்பினால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

முதலில் உன் தொடை வலி. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் லேசாக இருந்தது, அதற்கு மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன் என்றாய். அது அப்படித்தான் வரும். பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை உடனே வலிக்காது. 12 மணி நேரத்துக்கு மேல் போனபிறகுதான் ஆரம்பிக்கும். 24 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே அடங்கிவிடும்.

லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கிறது என்று உன் ட்ரெய்னர் சொன்னாராம். நான் படித்த காலத்திலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. பயிற்சியின்போது இரத்தத்தில் ஏறும் அந்தச் சரக்கு, நீ ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? தசை சுருங்கிப் பாரத்தைத் தூக்குவது ஒரு வேலை; நீண்டுகொடுத்துக்கொண்டே பாரத்தைத் தாங்குவது வேறு வேலை. இரண்டாவதில்தான் நார்களில் கண்ணுக்குத் தெரியாத சேதம் அதிகம். அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்புகிற அழற்சிதான் உனக்கு வலியாகத் தெரிகிறது. பழனியில் 693 படி ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முன்தொடை நீண்டுகொடுத்தபடி உடம்பு எடையைப் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் ஊர் திரும்பி வலிக்கிறது, வலிக்கிறது என்று நாம் புலம்புவது பெரும்பாலும் அந்த இறக்கத்தால்தான். நீ போட்ட பஸ்கியிலும் உட்காரப் போகிற பாதிதான் உன்னை இப்படிப் படுத்தியிருக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் இந்த வலியில் பாதிகூட இருக்காது. ஒரு தடவை பட்ட தசை அதை நினைவில் வைத்துக்கொள்கிறது, சில வாரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு நிற்கும். ஆகவே வலிதான் பலன் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் அதைத் தேடிப் போகாதே. வலிக்காத நாளிலும் தசை வளரும்.

இப்போது உன் நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். ஜிம்மில் நீ செய்வது தசையைக் கலைத்துப்போடும் வேலை. கட்டுகிற வேலை நடப்பது நீ வீட்டுக்குப் போனபிறகு. பாரம் தூக்கி முடித்ததும் புரதத்தைக் கொண்டு நார்களைச் சரிசெய்து தடிமனாக்குகிற வேலை வேகம் பிடிக்கிறது. பழகாத ஆளுக்கு அது ஒரு நாள், இரண்டு நாள் வரை அப்படியே ஓடும். அது முடிவதற்குள் மறுபடி அதே தொடையைப் போட்டு வதைத்தால் கட்டின மட்டும் இடிகிறது. நம் மாடி கட்டும்போது நீ தினமும் மேஸ்திரியிடம் போய் "சென்ட்ரிங் எப்பப் பிரிப்பீங்க" என்று நச்சரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? கான்கிரீட் இறுகும்வரை அவர் அசையவே இல்லை. நீயும் உன் தொடைக்கு அந்த மேஸ்திரியாக இரு. ஒரு தசைக்கூட்டத்துக்கு வேலை கொடுத்தால் 48 மணி நேரமாவது அதை விட்டுவிடு. திங்கள் கால் என்றால் வியாழன் கால். நடுவில் தோள், முதுகு, கை செய்யலாம். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஜிம் பக்கமே போக வேண்டாம். கட்டிய பணத்தில் அந்த நாளுக்கும் பங்கு உண்டு.

ஓய்வு என்றதும் நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பது என்று எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பாவுக்கு அந்த அர்த்தம்தான் தெரியும். வலிக்கிற காலோடு மெதுவாக அரை மணி நடந்து பார், உட்கார்ந்திருப்பதைவிட லேசாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி. இரண்டு நாள், கவனித்தாயா? ஏழு நாள் இல்லை.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதை நான் வார்டில் போதும் போதும் என்று பார்த்திருக்கிறேன். கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கு ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது, இரண்டு தொடையையும் இஞ்ச் டேப்பால் அளப்போம். கட்டுப் போட்ட பக்கம் கண்ணாலேயே தெரியும், தோல் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் கரைவது முன்தொடைத் தசைதான். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குவது இதனால்தான். அங்கே கால்களுக்குத் தாங்க எடையே இல்லை. ஆபரேஷன் ஆன மறுநாளே நான் நோயாளியை எழுப்பி நிறுத்தினால், "உடம்புக்கு முடியாத மனுஷனை ஏம்மா இந்தப் பாடு படுத்துறீங்க" என்று வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தத் தொண்டை வந்தது.

உனக்கு வயது முப்பத்தெட்டு. முப்பதைத் தாண்டினால் ஒன்றும் செய்யாத உடம்பில் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. ஆனால் எந்த வயதிலும் திரும்பப் பிடிக்கலாம். 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதைத் தொட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தது ஒன்பது பேர். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நான் இதை ஆச்சிக்குச் சொன்னேன். "அவுகளுக்கு வேற வேலை இல்ல போல" என்றார்கள். ஆனாலும் இப்போது தினமும் சாயங்காலம் சீரியல் விளம்பரத்தில் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருகிறார்கள். நான் கேட்டால் இடுப்பு மரத்துப்போனதால் எழுந்தேன் என்பார்கள்.

அப்புறம் ஸ்ட்ரெச்சிங். போனதும் குளிர்ந்த உடம்போடு குனிந்து கால் விரலைத் தொட்டு ஒரு நிமிஷம் நிற்கிறேன் என்றாய். அதை விட்டுவிடு. ஒரே நிலையில் ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அந்தத் தசையின் பலம் கொஞ்ச நேரத்துக்குக் குறையும், பாரம் தூக்கப் போகிற நேரத்தில் அது எதற்கு? தொடங்கும் முன்னால் ஐந்து பத்து நிமிஷம் வேகமாக நட. காலை முன்னும் பின்னும் வீசு, தோளைச் சுற்று, பாரமே இல்லாமல் நாலு பஸ்கி போடு. உடம்பு சூடாக வேண்டும், அவ்வளவுதான்.

நின்று நிதானமாக இழுப்பதெல்லாம் முடித்தபிறகு, இல்லையென்றால் ராத்திரி படுக்கும் முன். ஒவ்வொன்றும் 20 முதல் 30 விநாடி, இரண்டு மூன்று தடவை. குலுக்கிக் குலுக்கி இழுக்காதே, மூச்சை அடக்காதே. இழுப்பது தெரியலாம், வலிக்கக் கூடாது. எல்லாத் தசைக்கும் செய்ய உனக்கு நேரம் கிடையாது என்று எனக்குத் தெரியும், ஆகவே நாற்காலியே கதி என்று இருக்கிற உனக்கு மூன்று மட்டும் சொல்கிறேன். சுவரில் கை வைத்து ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விடாமல் சாய்ந்தால் கெண்டைக்கால். மல்லாந்து படுத்து ஒரு பாதத்தில் துண்டைக் கோத்து, முழங்காலை மடக்காமல் மேலே இழுத்தால் பின்தொடை. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்து இடுப்பை முன்னால் தள்ளினால் இடுப்பின் முன்பக்கத் தசை. இந்த மூன்றாவதை மறக்காதே. காலையிலிருந்து ராத்திரிவரை நாற்காலியில் மடங்கியே கிடக்கிற தசை அது. உன் இடுப்பு வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதைச் செய்வதால் கெடுதல் இல்லை.

இழுத்தால் வலி போய்விடும் என்று மட்டும் நம்பாதே. ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வலியை நூறுக்கு அளந்தால் ஸ்ட்ரெச்சிங்கால் குறைவது ஒன்று, மிஞ்சிப்போனால் நான்கு என்று கண்டிருக்கிறார்கள். இருந்தும் ஏன் சொல்கிறேன் என்றால், மூட்டு அதன் முழு வீச்சுக்கும் போய்வர வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கிற உடம்பு வேண்டும். நீ டைனிங் டேபிள் வாங்கிய நாளிலிருந்து எனக்கு அந்தக் கவலை.

குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் சரியாகிவிடுமா என்று கேட்டாய். இப்போது இருக்கிற வலிக்கு இதமாக இருக்கும், தாராளமாகப் போ. ஆனால் சுளுக்கு, 'பட்' என்று ஏதோ அறுந்த மாதிரி வலி, வீக்கம், நீலம் கட்டுவது என்று ஏதாவது இருந்தால் முதல் இரண்டு மூன்று நாளைக்கு யாரையும் அழுத்தித் தேய்க்க விடாதே. உள்ளே கசியும் இரத்தம் அதிகமாகும். இரண்டு தொடையும் ஒரே மாதிரி, தொட்டால் வலிக்கிற மந்தமான வலி என்றால் அது பயிற்சி வலி. ஒரே பக்கம், ஒரே இடத்தில், சுருக்கென்று, அல்லது மூட்டுக்குள்ளே வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. வலி அளவுக்கு மீறிப் போய், தசை கட்டையாக வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உடைந்த தசையிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்து முதல் வாரத்திலேயே வீரம் காட்டுகிறவர்களுக்கு வருகிறது. அதுவும் வெயில் காலத்தில், தண்ணீர் குடிக்காமல் செய்தால் ஆபத்து கூடும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. ஒன்றும் செய்யாதவருக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. பாரம் தூக்குகிறவருக்கு 1.2 முதல் 1.6 வரை வேண்டும். உன் 75 கிலோவுக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, ஆகவே இட்லியும் சட்னியும் வைத்து இதை எட்ட முடியாது. முட்டை, மீன், பயறு, தயிர், சுண்டல் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள். டப்பாப் பவுடர் இல்லாமலே முடியும். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பயிற்சி செய்த அன்று மது குடித்தால் தசை கட்டும் வேலை குறைகிறது என்று மட்டும் தெரிந்துகொள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் உன் தூக்கம்தான். ராத்திரி பன்னிரண்டு வரை அமெரிக்காக்காரனோடு மீட்டிங், காலை ஐந்தரைக்கு ஜிம். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது தூங்கிய கொஞ்ச நேரத்தில் வருகிற ஆழ்ந்த தூக்கத்தில். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கு. மீட்டிங் நீண்டுபோன ராத்திரி அலாரத்தை அணைத்துவிட்டுப் படு. சாயங்காலம் போகலாம், இல்லை அன்றைக்குப் போகாமலே இருக்கலாம்.

நாளைக்குக் கால் வேண்டாம். தோளும் முதுகும் செய். எடையை இப்போதைக்கு ஏற்றாதே. முதல் சில வாரத்தில் பலம் கூடுவது தசை பெருத்ததால் இல்லை, நரம்பு வேலை பழகியதால். அதைப் பார்த்துவிட்டு ட்ரெய்னர் இன்னொரு தட்டை மாட்டினால், அம்மா வேண்டாமென்று சொன்னாள் என்று கூச்சப்படாமல் சொல். வறுத்த கடலையும் எள்ளுருண்டையும் கூரியரில் போட்டிருக்கிறேன், உருண்டையை ஆபீசில் எல்லோருக்கும் கொடு.

இப்படிக்கு,
அன்புடன் அம்மா

பி.கு.: ஐயா, சிறுநீர் நிறம் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு. அப்பா நம்பருக்குப் போடாதே, அவர் அதைக் குடும்ப குரூப்பில் அனுப்பிவிடுவார்.