இரண்டு தெரு தள்ளி யார் காவல்?

ஐயா,

தீபாவளி நெருங்கினால் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கண்காணிப்புக் கோபுரம், கேமரா, ஒலிபெருக்கி அறிவிப்பு என்று ஏற்பாடு பலமாகவே இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன வருடம் என் மனைவியின் கைப்பையை பிளேடால் கிழித்துப் பர்சை எடுத்தது அந்தத் தெருவில் அல்ல. துணிப்பைகளைச் சுமந்துகொண்டு பஸ் ஏறப் போன இடத்தில். அங்கே பேருக்குக்கூட ஒரு காக்கிச் சட்டை இல்லை. புகார் கொடுக்கப் போனால், "கூட்டத்தில் கவனமாக இருக்கக் கூடாதா?" என்று எங்களுக்குத்தான் அறிவுரை.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் 1994 ஜூலையில் யூத மையம் ஒன்றில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அதன்பின் யூத, முஸ்லிம் கட்டடங்களுக்கு இரவு பகலாகப் போலீஸ் காவல் போட்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, காவல் நின்ற இடத்தில் கார் திருட்டு சுமார் 75 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி? பெரிய மாற்றமில்லை. திருடர்கள் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. நகர்ந்தார்களோ இல்லையோ, காவலின் பலன் கண்ணுக்கெட்டிய தூரம்தான்.

எனவே கோபுரத்தடியில் நிற்பவர்களில் சிலரையாவது மாலை 6 மணிக்கு மேல் பஸ் நிறுத்தங்களுக்கும் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டுக்கும் அனுப்புங்கள். நாற்காலி போட்டு உட்கார வேண்டாம். கால்மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த இடத்துக்கு நகரட்டும். எந்த நேரம் எங்கே என்பது முன்கூட்டியே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

- ஒரு வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை