லாரி குவாங்குக்கு ஓர் இடம் கொடுங்கள்: ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

தேர்வுக் குழுவில் இருக்கும் பதினெட்டுப் பேருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கிச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் உங்கள் மண்டபத்தில் லாரி குவாங்கை பில்டர் பிரிவில், அதாவது களத்துக்கு வெளியே விளையாட்டை வளர்த்தவர்களுக்கான பிரிவில், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் யார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இதைப் படிக்கும் தமிழர்களில் பலருக்குத் தெரியாது. அதனால் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தெரிந்த கதையையே திரும்பச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948 மார்ச் 13, சனிக்கிழமை இரவு. மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் மோதுகின்றன. ரேஞ்சர்ஸில் சிலருக்குக் காயம். அந்த இடத்தை நிரப்ப, அவர்களுடைய கீழ்நிலை அணியான நியூயார்க் ரோவர்ஸிலிருந்து இருபத்து நான்கு வயது லாரி குவாங்கை வரவழைத்திருந்தார்கள். 11-ஆம் எண் ஜெர்சி கொடுத்தார்கள். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர், ஏன், ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர், ஐஸ் ஹாக்கியின் உச்ச லீகான என்.எச்.எல். ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஒரே ஆட்டக்காரர் முழு நேரமும் களத்தில் நிற்பதில்லை. ஸ்கேட்டில் அந்த வேகத்தில் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டிவிடும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் பலகையைத் தாண்டி உள்ளே குதிப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். இப்படி ஒரு முறை உள்ளே போய் வருவதை ஷிஃப்ட் என்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்குக்கூட ஓர் இரவில் பல முறை ஷிஃப்ட் வரும்.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று பீரியடுகள், அதாவது மூன்று பகுதிகள். குவாங்குக்கு முதல் பீரியடில் ஷிஃப்ட் வரவில்லை. இரண்டாம் பீரியடிலும் வரவில்லை. மூன்றாம் பீரியட் முடியப்போகும் நேரத்தில்தான் பயிற்சியாளர் ஃபிராங்க் பூஷே அவரை உள்ளே அனுப்பினார். ஒரே ஒரு ஷிஃப்ட். சுமார் ஒரு நிமிடம். அப்புறம் மறுபடியும் பெஞ்ச். ரேஞ்சர்ஸ் 3–2 என்று தோற்றது. அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை அதோடு முடிந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஆட்டம் 1, கோல் 0, அசிஸ்ட் (பிறர் கோல் அடிக்க உதவியது) 0.

அந்த ஆண்டு ரோவர்ஸ் அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் இவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கீழ்நிலை அணியின் முதல் ஆட்டக்காரரை மேலே கூப்பிட்டு, இரண்டரை பீரியடுக்கு மேல் உட்கார வைத்துவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தகுதியைச் சோதிக்க ஒரு நிமிடம் போதாது என்று ஹாக்கி தெரிந்த யாரும் சொல்வார்கள். என்.எச்.எல்லில் ஆறே அணிகள் இருந்த காலம், போட்டி கடுமை என்று ஒரு பதில் சொல்லப்படுகிறது. கடுமைதான். ஆனால் போட்டி என்றால் போட்டியிட விட வேண்டும். அந்த இரவு நடந்தது போட்டி அல்ல.

சரி, அந்த நிமிடத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்ப்போம். எனக்கு அதுதான் அதைவிடப் பெரிய கதை.

குவாங் பிறந்தது 1923 ஜூன் 17, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெர்னன் ஊரில். பதினைந்து பிள்ளைகளில் பதினான்காவது. அப்பா தங்கம் தேடிக் கனடா வந்து, பிறகு வெர்னனில் மளிகைக் கடை வைத்தவர். கடையின் பெயரிலிருந்த குவாங்கே ஊரார் வாயில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. லாரிக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து அண்ணன் தம்பிகள் விளையாடினார்கள். அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய முதல் ஸ்கேட், காலைவிடப் பெரியது. வளர வளரப் போட்டுக்கொள்ளலாம், சீக்கிரம் இன்னொன்று வாங்க வேண்டாம் அல்லவா?

அவர் பிறந்து சரியாக இரண்டே வாரத்தில், 1923 ஜூலை 1 அன்று, சீனர்கள் கனடாவுக்குள் குடியேறுவதை ஏறக்குறைய அடியோடு தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு தலைவரி என்று ஆளுக்கு 500 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது வாசலையே மூடிவிட்டார்கள். அந்தச் சட்டம் 1947-இல்தான் நீங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே 1947-இல்தான். நம் பக்கத்து இந்தியர்களுக்கும் அந்த ஆண்டில்தான் கிடைத்தது. அதாவது, குவாங் இந்த நாட்டிலேயே பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது கனடா ராணுவத்தில் சேர்ந்து, ராணுவ அணிக்காக ஹாக்கியும் ஆடிய காலத்தில், அவருக்கு ஓட்டு இல்லை.

பதினெட்டு வயதில் டிரெயில் ஊரின் ஸ்மோக் ஈட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். சின்ன அணி அல்ல அது. 1939-இல் கனடாவின் சார்பில் போய் உலகக் கோப்பையை வென்று வந்த அணி. டிரெயிலில் ஹாக்கி ஆடுபவர்களுக்கு ஊரின் உலோக உருக்காலையில் வேலை கிடைக்கும்; ஆட்டக்காரர்கள் அந்த ஊருக்குப் போனதே பாதி அதற்காகத்தான். குவாங்குக்கு உருக்காலையில் வேலை தரவில்லை. காரணம் அவர் சீனர். சக ஆட்டக்காரர்கள் ஆலைச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் ஊர் ஹோட்டலில் விருந்தினர்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். மாலையில் அதே ஆட்களோடு ஒரே ஐஸில் இறங்கி, ஒரே ஜெர்சியில் கோல் போட்டார். ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த நடைபாதைகளில் பெட்டி தூக்கிக்கொண்டு நடப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

1946-இல் ரேஞ்சர்ஸின் லெஸ்டர் பேட்ரிக் அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்து, ரோவர்ஸில் சேர்த்தார். ஆள் ஐந்தடி ஆறங்குலம்தான். ஆனால் வேகம் அப்படி. பத்திரிகைகள் சைனா கிளிப்பர் என்றும் கிங் குவாங் என்றும் பட்டம் சூட்டின. நியூயார்க் சைனாடவுனின் மேயர் என்று மக்கள் அன்போடு அழைத்த ஷேவி லீ, மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கே வந்து அவரைக் கௌரவித்தார். குடியேற்றத் தடைச் சட்டம் கனடாவில் அப்போது உயிரோடுதான் இருந்தது.

இப்போது அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு. குவாங் காத்துக்கொண்டிருக்கவில்லை. ரேஞ்சர்ஸில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று புரிந்ததும், கியூபெக்கின் வேலிஃபீல்ட் பிரேவ்ஸ் அணி நல்ல சம்பளத்தோடு அழைத்தபோது போய்விட்டார். அந்த அணிக்குப் பிறகு பயிற்சியாளராக வந்தவர் டோ பிளேக். ஆமாம், பின்னாளில் கனேடியன்ஸுக்கு என்.எச்.எல்லின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை எட்டு முறை வாங்கிக் கொடுத்தாரே, அதே பிளேக்தான். 1951-இல், அந்த அணி ஆடிய கியூபெக் சீனியர் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விமி கோப்பை குவாங்குக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வேலிஃபீல்ட் அலெக்சாண்டர் கோப்பையையும் வென்றது. கியூபெக் சீனியர் லீக் அப்போது எவ்வளவு வலுவானது என்று உங்கள் குழுவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜான் பெலிவோ என்.எச்.எல்லுக்குப் போவதற்கு முன் கியூபெக் ஏசஸ் அணியில் ஆடியது அந்த லீகில்தான். கறுப்பின ஆட்டக்காரர் ஹெர்ப் கார்னகி ஆடியதும் அதே ஏசஸில்தான். தோலின் நிறத்தால் என்.எச்.எல். கதவு திறக்காத ஒருவரும், முகத்தின் சாயலால் ஒரு நிமிடம் மட்டும் திறந்த இன்னொருவரும் ஒரே லீகில் எதிரெதிரே நின்று ஆடியிருக்கிறார்கள்.

கார்னகியை 2022-இல் நீங்கள் சேர்த்தீர்கள். என்.எச்.எல்லில் ஆடிய முதல் கறுப்பினத்தவரான வில்லி ஓரீயை 2018-இல் சேர்த்தீர்கள். இருவரும் பில்டர் பிரிவில். இரண்டும் நல்ல முடிவுகள், மனதாரச் சொல்கிறேன். ஓரீ ஆடிய என்.எச்.எல். ஆட்டங்கள் 45, அடித்த கோல்கள் 4. கார்னகி ஆடியது ஒன்றுகூட இல்லை. ஆகவே, எண்ணிக்கை போதாது என்ற வாதத்தை உங்கள் குழுவே ஏற்கெனவே தள்ளிவைத்துவிட்டது. 45 உள்ளே இருக்கிறது, 0 உள்ளே இருக்கிறது. 1 மட்டும் ஏன் வெளியே நிற்கிறது?

இதற்கு நேர்மையான ஒரு மறுப்பு உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. கார்னகி ஃபியூச்சர் ஏசஸ் என்ற ஹாக்கிப் பள்ளியைத் தொடங்கி தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்தார். ஓரீ என்.எச்.எல்லின் தூதராக ஊர் ஊராகப் போய்ப் பல்லாயிரம் சிறுவர்களை ஸ்கேட் கட்ட வைத்தார். குவாங் அப்படி எந்த அமைப்பையும் நிறுவவில்லை. பின்னாளில் ஐரோப்பாவிலிருந்து கனடா திரும்பி, கால்கரியில் அண்ணனோடு சேர்ந்து மளிகைக் கடை நடத்தினார். பில்டர் என்றால் எதையாவது கட்டியிருக்க வேண்டுமே, இவர் எதைக் கட்டினார் என்று உங்களில் யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி.

என் பதில் இது. கனடாவில் ஆட்டம் முடிந்த பிறகு அவர் கடல் தாண்டினார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பேந்தர்ஸுக்கு ஆடினார். பிறகு சுவிட்சர்லாந்து போய் அம்ப்ரி-பியோட்டா அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். லுகானோவிலும் லொசானிலும் வேலை செய்தார். 1972 வரை அந்த நாட்டிலேயே தங்கி ஹாக்கி கற்றுக்கொடுத்தார். சுவிஸ் ஹாக்கி இன்று உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்கும் இடத்தில் இருக்கிறது. அந்தப் பெருமை முழுவதும் குவாங்குடையது என்று சொன்னால் அது பொய். ஆனால் அம்ப்ரி போன்ற மலையடிவாரத்துச் சின்ன ஊர்களில், கனடாவிலிருந்து வந்தவர்கள் சொல்லிக்கொடுத்த ஹாக்கியிலிருந்து அது வளர்ந்தது. அந்தக் கனடியர்களில் ஒருவர் இவர். தன் சொந்த நாட்டில் யாரும் ஒரு சீனரைப் பயிற்சியாளராக நினைத்துப் பார்க்காத காலத்தில், வேறொரு நாட்டில் பயிற்சியாளராக நின்று காட்டினார். உங்கள் விதிகளே பில்டர் பிரிவுக்குப் பயிற்சித் திறமை, நன்னடத்தை, குணம், விளையாட்டுக்குச் செய்த பங்களிப்பு என்றுதானே அளவுகோல் சொல்கின்றன? இந்த நான்கில் எது இவரிடம் குறைவு?

இன்னொன்றும் உண்டு. ஓர் அமைப்பை நிறுவ, கேட்கிறவர்கள் வேண்டும். கனடாவில் குவாங்கை ஹாக்கி உலகம் பல பத்தாண்டுகள் மறந்தே போனது. கால்கரியில் அவர் கடைக்குக் காய்கறி வாங்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு இவர் மாண்ட்ரியல் ஃபோரத்தில் ரேஞ்சர்ஸ் ஜெர்சியில் நின்றவர் என்று தெரிந்திருக்கும்? அவருக்கு எண்பது வயது தாண்டிய பிறகுதான் பாராட்டுகள் வரத் தொடங்கின. 2013-இல் பிரிட்டிஷ் கொலம்பியா விளையாட்டு ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்தது. அதற்குள் ரத்த ஓட்டக் கோளாறால் இரண்டு கால்களையும் இழந்திருந்தார். 2018 மார்ச் 15 அன்று, தொண்ணூற்று நான்காவது வயதில், கால்கரியில் காலமானார். உங்களுக்காகக் காத்திருக்க இனி அவருக்கு நேரமில்லை. அந்த வாய்ப்பு தவறிவிட்டது, அது எனக்கு வருத்தம்தான். கார்னகியும் தன் பெயர் சேர்வதைப் பார்க்காமலேயே 2012-இல் போய்விட்டார்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். யங் தெருவும் ஃபிரண்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் உங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கிறேன். பழைய பேங்க் ஆஃப் மாண்ட்ரியல் கட்டடம். மேலே நிமிர்ந்தால் வண்ணக் கண்ணாடிக் கூரை, சுற்றிலும் உறுப்பினர்களின் முகங்கள் பதித்த கண்ணாடிப் பலகைகள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வருகின்றன. அப்பா அம்மாக்கள் முகம் முகமாகக் காட்டி இவர் இன்னார், அவர் இன்னார் என்று கதை சொல்கிறார்கள். இன்றைக்கு ஆசிய வம்சாவளியில் வந்த நிக் சுசுகி கனேடியன்ஸின் கேப்டன். அதேபோல் ஆசிய வம்சாவளியில் வந்த ஜேசன் ராபர்ட்சன் ஒரே பருவத்தில் 46 கோல் அடித்திருக்கிறார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த பஞ்சாபிப் பையன் ராபின் பாவா 1989-இலேயே என்.எச்.எல்லின் வாஷிங்டன் அணிக்கு ஆடினார். இவர்களைப் பார்த்து ஸ்கேட் கட்டும் பிள்ளைகளிடம், இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று காட்ட அந்தச் சுவரில் ஒரு முகம் வேண்டும்.

பதினெட்டில் பதினான்கு வாக்குகள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் விவாதம் ரகசியம், யார் எப்படி வாக்களித்தார்கள் என்று வெளியே சொல்லமாட்டீர்கள் என்பதும் தெரியும். பில்டர் பிரிவில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு இடங்கள்தான். வரிசையில் பெரிய பெரிய மேலாளர்களும் பயிற்சியாளர்களும் நிற்கிறார்கள். அவர்களில் பலர் இன்னும் நன்றாக இருக்கிறார்கள், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவர்கள் பெயர் தானாக உங்கள் மேஜைக்கு வரும். குவாங்கின் பெயர் அப்படித் தானாக வராது. உங்களில் ஒருவர் முன்வந்து சொன்னால்தான் வரும். அந்த ஒருவராக இருங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிச் சேர்க்கும் நாள் வந்தால் இன்னொரு வேண்டுகோள். பலகையில் “என்.எச்.எல்லில் ஆடிய முதல் ஆசிய வம்சாவளியினர்” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். டிரெயிலில் அவருக்குக் கிடைக்காமல் போன ஆலை வேலையை எழுதுங்கள். ரோவர்ஸின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்ததை எழுதுங்கள். 1951-ஐ எழுதுங்கள், விமி கோப்பையின் பெயரோடு. நாட்டிங்ஹாமையும் அம்ப்ரியையும் லுகானோவையும் லொசானையும் எழுதுங்கள். அந்த ஒரு நிமிடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ஏன் ஒரு நிமிடம் மட்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
டொராண்டோவிலிருந்து ஒரு ஹாக்கி ரசிகர்