முரளிக்கு, ஜெட்ஸ் சீசன் முடிந்த வாரத்தில்

எடிசன், நியூ ஜெர்சி
9 ஜனவரி 2025

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் போய்விட்டது. திட்டிக்கொள். பொங்கலையும் தாண்டவிட்டால் பேச்சையே நிறுத்திவிடுவாய் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சுந்தர் சொன்னான். சொட்டு மருந்தை அவராகப் போட்டுக்கொள்வார் என்று நம்பாதே, நீயே போட்டுவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். வித்யாவுக்குப் புது வேலை பிடித்திருக்கிறது. குளிரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையோடு நம் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெட்ஸுக்கு சீசன் முடிந்தது. 5 வெற்றி, 12 தோல்வி. ‘நம்’ என்றதும் நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. ஹாரிசன் வீட்டில் அந்தப் பச்சைச் சனியனை என் தலையில் கட்டியது யார்? ஊருக்கு மூட்டை கட்டியபோது குக்கரையும் ஜெட்ஸையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். குக்கர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

இந்த அணி தோற்பது புதிதில்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஜோ நேமத் வாய்ச்சவடால் விட்டு, சொன்னபடியே இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்துக் காட்டியது 1969 ஜனவரியில். நாம் பிறக்கவே இல்லை. கடைசியாக ப்ளேஆஃப் போனது 2010 சீசனில். அதற்கப்புறம் பிறந்த நிலா இப்போது எட்டாவது படிக்கிறாள். பதினான்கு சீசன்! அமெரிக்காவின் நான்கு பெரிய லீகுகளில் எந்த அணிக்கும் இவ்வளவு நீளமான வறட்சி இப்போது இல்லை. போன மே மாதம் சென்னை ஒரே ஒரு வருஷம் ப்ளேஆஃபைத் தவறவிட்டதற்கு, அதுவும் பெங்களூரிடம் தோற்றதற்கு, நீ போனில் போட்ட ஒப்பாரியை நான் பொறுமையாகக் கேட்டேன் அல்லவா? இப்போது உன் முறை.

இந்த வருஷம் மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இந்த வருஷம்தான் நிஜமாகவே நம்பினோம். 2023-ல் பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்காக ஆரன் ராட்ஜர்ஸ் வந்து, கையில் கொடியோடு மைதானத்துக்குள் ஓடி, முதல் ஆட்டத்தின் நான்காவது நகர்விலேயே குதிகால் நரம்பு அறுந்து உட்கார்ந்தாரே, அதோடு அந்த சீசன் போனது. சரி, விபத்து. யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த முறை அவர் கால் சரியாகி வந்தார். டிஃபென்ஸ் 2022, 2023 இரண்டு வருஷமும் லீகிலேயே முதல் ஐந்துக்குள் இருந்தது. மூன்று ஆட்டம் முடிந்தபோது இரண்டு வெற்றி. நியூ இங்கிலாந்தை 24-3 என்று அடித்த வியாழக்கிழமை ராத்திரி பாஸ்கர் எங்கள் வீட்டு சோபாவில் ஏறி நின்று ஆடினான். வித்யா இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

அப்புறம் டென்வர் வந்தது. செப்டம்பர் 29. நானும் பாஸ்கரும் மெட்லைஃப் ஸ்டேடியத்தில், மேல் அடுக்கில், மழையில். டென்வரின் குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் புதுப் பையன். முதல் பாதி முழுக்க அவன் வீசியதற்குக் கிடைத்த கணக்கு மைனஸ் 7 யார்டு. எறிந்து எறிந்து பின்னால் போயிருக்கிறான்! இதைவிட ஒரு டிஃபென்ஸ் என்ன செய்ய முடியும்? ஆனாலும் நம் ஆட்கள் பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை. உதைத்து எடுத்த மூன்று பீல்டு கோல், ஒன்பது பாயின்ட். கடைசி நிமிஷத்தில் 10-9 என்று பின்தங்கி இருந்தபோது 50 யார்டிலிருந்து ஸூர்லைன் உதைத்தார். பந்து போகவில்லை. முன் வரிசைப் பெரியவர் ஒருவர், எத்தனை வருஷம் பார்த்தவரோ, பந்து உதைபடும் முன்பே எழுந்து ரெயின்கோட் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். பாஸ்கர் அவரை எனக்குக் காட்டி, “ரிடயர் ஆனதும் நீ” என்றான்.

அடுத்த வாரம் லண்டனில் மின்னசோட்டாவிடம் 23-17. ராட்ஜர்ஸ் 54 தடவை வீசினார், மூன்றை எதிரணி பிடித்தது. அவற்றில் ஒன்றைப் பிடித்தவன் நேராக ஓடிப்போய் டச் டவுனே போட்டுவிட்டான். இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, முதலாளி வுடி ஜான்சன் கோச் ராபர்ட் சாலேவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். ஐந்தே ஆட்டம். ஜான்சன் ஒரு காலத்தில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். அந்த ஊரிலேயே மானம் போனது தாங்கவில்லை போல.

இங்கேதான் எனக்கும் பாஸ்கருக்கும் தகராறு. உனக்கும் இருக்கும், தெரியும். சாலேவின் கணக்கு 20 வெற்றி, 36 தோல்வி, இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பீர்கள். நானும் அவருக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. முந்தைய ஜனவரியில் அனுப்பியிருந்தால் வாயே திறந்திருக்கமாட்டேன். அப்போது விட்டுவிட்டு, அவரை நம்பி சீசனை ஆரம்பித்துவிட்டு, ஐந்தாவது வாரம் பதறுவதைத்தான் சொல்கிறேன். அணியில் உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தது டிஃபென்ஸ் ஒன்றுதான். அது சாலே கட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த உல்ப்ரிக்கையே இடைக்காலத் தலைமைக் கோச்சாக்கி, இரண்டு வேலையையும் அவர் ஒருவர் தலையில் போட்டார்கள். என்ன ஆயிற்று என்று பார். முதல் ஐந்து ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது 32, 17, 3, 10, 23. அதற்கப்புறம் பிட்ஸ்பர்க் 37, அரிசோனா 31, பஃபலோ 40. சாலே போன பிறகு 3 வெற்றி, 9 தோல்வி. ஓட்டை போட்ட பக்கத்தை விட்டுவிட்டு ஒழுகாத பக்கம் ஓட்டைப் பிரித்த கதை.

உன் பாஷையிலேயே சொல்கிறேன். 2009-ல் ஃப்ளெமிங் சென்னைக்குக் கோச்சானார். அதே 2009-ல் ஜெட்ஸுக்கு ரெக்ஸ் ரயன் வந்தார். வந்த முதல் இரண்டு வருஷமும் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோனார். ஞாபகம் இருக்கிறதா, பிட்ஸ்பர்கில் தோற்ற அன்று சுந்தர் சாப்பிடாமல் படுத்தது? அப்புறம் ரயன் போனார், போல்ஸ் வந்தார், போனார், கேஸ் வந்தார், போனார், சாலே வந்தார், போனார். அங்கே ஃப்ளெமிங் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், ஐந்து கோப்பை. நடுவில் அணியே இரண்டு வருஷம் தடையில் இருந்ததையும் சேர்த்துத்தான். இந்த வாரம் வந்த செய்தியைக் கேட்டால் சிரிப்பாய்: புதுக் கோச் வேலைக்கு ரெக்ஸ் ரயனையே மறுபடி இன்டர்வியூ செய்திருக்கிறார்கள். பாஸ்கர் அடுத்து நேமத்தையே கூப்பிடுவார்கள் என்கிறான்.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடுகிறேன், நீயும் ஓரளவு பார்த்திருப்பாய். சாலே போன மறுவாரம் ராட்ஜர்ஸின் பழைய தோழன் டவான்டே ஆடம்ஸைக் கொண்டுவந்தார்கள். ஹாசன் ரெடிக் என்று ஒருவரை பிலடெல்பியாவிலிருந்து எடுத்தார்கள். அவர் சம்பளத் தகராறில் அக்டோபர் வரை வரவேயில்லை, வந்த பிறகு எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்த்தது (சாக்) சீசன் முழுக்க ஒரே ஒரு தடவை. நியூ இங்கிலாந்திடம் கடைசி 22 விநாடியில் தோல்வி. இண்டியானாபொலிஸிடம் ஒரு பாயின்டில் தோல்வி. மயாமியிடம் ஜெயித்துக்கொண்டே இருந்து, ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது அவன் சமன் செய்து, ஓவர்டைமில் தோல்வி. கணக்குப்படி ப்ளேஆஃப் கதவு சாத்தப்பட்டது அன்றுதான்.

அக்டோபர் 31 ஹூஸ்டன் ஆட்டம் மட்டும் தனி. அதை நீ முழுசாகப் பார்க்க வேண்டும். முதலில் கோர்லி என்ற புதுப் பையன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறான், முன்னால் ஒரு ஆள் இல்லை. கோட்டைத் தொடும் முன்பே, ஒரு எட்டு மிச்சம் இருக்கும்போது, கொண்டாட்டத்தில் பந்தைக் கீழே விட்டுவிட்டான். டச் டவுன் போச்சு. நிலா, “அப்பா, இவனுக்கு வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லையா?” என்று கேட்டாள். அதே ஆட்டத்தில் நாலாவது குவார்ட்டரில் காரெட் வில்சன் ஒற்றைக் கையால் பிடித்தான் பார், உடம்பு முழுக்கக் கோட்டுக்கு வெளியே சாய்ந்து, ஒரு காலில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி மட்டும் உள்ளே புல்லில் படுகிற மாதிரி. முதலில் இல்லை என்றார்கள், திரும்பப் போட்டுப் பார்த்து டச் டவுன் கொடுத்தார்கள். அந்த ஒரு பிடிக்காகத்தான் இன்னும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

முதலாளி வீட்டுக் கூத்து ஒன்றும் டிசம்பரில் பத்திரிகையில் வந்தது. ஜெரி ஜூடி என்ற ஆட்டக்காரரை வாங்க இருந்த பேச்சை, ஒரு வீடியோ கேமில் அவருக்கு மதிப்பெண் குறைவாக இருக்கிறதென்று ஜான்சன் தட்டிக்கழித்தாராம். அணித் தரப்பு மறுத்துவிட்டது. ஜூடி இந்த வருஷம் கிளீவ்லாண்டுக்கு ஆடி ஆயிரம் யார்டைத் தாண்டிவிட்டார், அதை யாரும் மறுக்க முடியாது.

ஒரே ஆறுதல், அதே ஸ்டேடியத்தில் ஆடும் ஜயன்ட்ஸ் நம்மைவிட மோசம், 3-14. அவர்கள் ரசிகர்கள் காசு போட்டு விமானம் அமர்த்தி, முதலாளிக்கு பேனர் பறக்கவிட்டார்கள். அவர்கள் விட்டுவிட்ட பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போய் இரண்டாயிரம் யார்டு ஓடிவிட்டான். நிலா போன வாரம் ஈகிள்ஸ் தொப்பி கேட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிள்ளையாவது நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்தில் ராட்ஜர்ஸ் நாலு டச் டவுன் வீசினார். வாழ்க்கையில் 500-ஐத் தொட்டதும் அன்றுதான். மயாமியை 32-20 என்று ஜெயித்தோம். எல்லாம் முடிந்த பிறகு! அதில் தோற்றிருந்தால், புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டில் இன்னும் முன்னால் போயிருக்கலாம். இப்போது ஏழாவது இடம். தோற்க வேண்டிய நாளில்கூட ஒழுங்காகத் தோற்கத் தெரியவில்லை.

முரளி, இவ்வளவும் எழுதியதற்கு ஒரு காரணம், அடுத்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜெனரல் மேனேஜர் ஜோ டக்ளஸை அனுப்பினார்கள் அல்லவா, நவம்பர் 19? அதற்கடுத்த வாரம் பாஸ்கருக்கும் வேலை போய்விட்டது. ஆபீஸில் அவன் டீமையே கலைத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான், அதனால்தான் போனிலும் சொல்லவில்லை. கோச்சுகளுக்கு ஒப்பந்தத்தில் மிச்சம் இருக்கிற சம்பளம் வீடு தேடி வந்துவிடும். இவனுக்கு எச்1பி விசா, வேலை போனால் அறுபது நாள்தான், இந்த மாதக் கடைசிக்குள் வேறு கம்பெனி எடுத்தாக வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் எங்கே நிற்கிறான் என்பது உனக்கே தெரியும். அபி இந்த வருஷம் பன்னிரண்டாவது, கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. ஜோக் அடிக்கிறான், கத்துகிறான். விளம்பரம் வரும்போது மட்டும் போனை எடுத்து மெயில் பார்க்கிறான். போன வாரம் இரண்டு இன்டர்வியூ முடிந்தது, ஒன்றில் கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

உன் சின்ன மச்சான் டல்லாஸில் இருக்கிறான் அல்லவா, அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பாஸ்கரின் ரெஸ்யூமை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றைக்கே பேசு, பொங்கல் முடியட்டும் என்று தள்ளாதே. நான் சொன்னேன் என்று பாஸ்கரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். நீயாகக் கேள்விப்பட்ட மாதிரி ஒரு போன் போடு. ஜெட்ஸைப் பற்றித் திட்டுவதில் ஆரம்பி, அப்படி ஆரம்பித்தால் அவன் வெகுநேரம் பேசுவான்.

அம்மாவுக்கும் சுமதிக்கும் என் அன்பைச் சொல். மச்சான் என்ன சொன்னான் என்று உடனே எழுது.

உன்
ரவி