க்ளிக்னு சத்தம் மட்டும் வந்தா உடனே ப்ரைமர் மேல பழி போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்காவுல வேட்டைக்குப் போறவங்க ரைபிள் தோட்டாவ வீட்லயே லோடு பண்றத பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா தோட்டா வெடிக்கலைன்னா ப்ரைமர் மட்டம், அந்த டப்பாவ தூக்கிப்போட்டு வேற வாங்கிக்கோங்கங்கற மாதிரி ஒரு இடம் வந்துச்சு, அத அப்படியே விட மனசு வரல. நான் இருக்கிறது டெக்சாஸ்ல, பல வருஷமா ஹேண்ட்லோடிங் பண்றேன், இங்க சொந்த உபயோகத்துக்கு தோட்டா செஞ்சுக்கிறது சட்டப்படி சரி. இந்தியாவுல அப்படி இல்ல, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுத சட்டப்படி குற்றம், படிக்கிற பசங்க அத மனசுல வச்சுக்கணும்.

ப்ரைமர்ங்கறது தோட்டாவோட அடில இருந்து பவுடர பத்த வைக்கிற ஒரு குட்டி உலோகக் கிண்ணி, உள்ள லெட் ஸ்டிஃப்னேட் கலந்த மருந்து, அதுக்கு மேல ஆன்வில்னு கால் வச்ச ஒரு துண்டு. ட்ரிகர இழுத்ததும் ஃபயரிங் பின்ங்கற ஊசி வந்து கிண்ணிய அடிக்கும்போது மருந்து கிண்ணிக்கும் ஆன்விலுக்கும் நடுவுல நசுங்கி பத்திக்குது, அவ்ளோதான். ஆனா நசுங்கணும்னா ஆன்வில் கால் ப்ரைமர் பாக்கெட்டோட (கேஸ்ங்கற தோட்டா கூட்டோட அடில ப்ரைமர் உக்காருற குழி) தரைய தொட்டு அழுத்தமா நிக்கணும். சரியா உள்ள போகாம ப்ரைமர் கொஞ்சம் மேலயே நின்னுடுச்சுன்னா, ஆடுற பலகைல ஆணி அடிக்கிற கதைதான், முதல் அடியோட பலம் பூரா ப்ரைமர உள்ள தள்றதுலயே போயிடும், அதே தோட்டாவுக்கு ரெண்டாவது அடி விழும்போது வெடிக்கும். எங்க ரேஞ்சுல பாதிப்பேர் இதப் பார்த்துட்டு "ப்ரைமர் கொஞ்சம் ஹார்டு போல"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. ரெண்டாவது அடில வெடிச்ச ப்ரைமர் நல்ல ப்ரைமர்ங்க, உள்ள உக்கார வச்ச விதம்தான் தப்பு!

கேஸோட அடிமட்டத்துல இருந்து ப்ரைமர் ஆயிரத்துல 3-லேர்ந்து 5 பங்கு இன்ச் உள்ள இறங்கி இருக்கணும். ஒவ்வொரு கேஸையும் விரல் நுனியால தடவிப் பார்த்தாலே துருத்திட்டு இருக்கறது தெரிஞ்சிடும். பாக்கெட்ல பழைய கரி அடைச்சிருந்தாலும் இறங்காது, ராணுவ கேஸ்ல பாக்கெட் வாய சுத்தி க்ரிம்ப் அடிச்சிருப்பாங்க (ப்ரைமர் கழண்டு வராம விளிம்ப உள்பக்கமா நசுக்கிறது), அத எடுக்காம விட்டாலும் இறங்காது. துருத்தின ப்ரைமரால வேற ஆபத்தும் இருக்கு, எம்1 கேரண்ட் மாதிரி செமி ஆட்டோ ரைபிள்ல ஃபயரிங் பின் எதுலயும் பிடிபடாம ஃப்ரீயா ஆடும், போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளி பின்பக்கத்த அடைக்கிற பாகம்) மூடுற வேகத்துலயே, ட்ரிகர தொடாமலே, தோட்டா வெடிச்சிடலாம்.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உக்காருற அறையான சேம்பருக்குள்ள கேஸுக்கு கிடைக்கிற இடம், இதத்தான் யாரும் யோசிக்கறதே இல்ல. சுட்ட கேஸ பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டு வர்ற அச்சான சைஸிங் டைய ரொம்ப கீழ இறக்கி வச்சிருந்தா கேஸோட தோள் (கழுத்துக்குக் கீழ சரிவா இருக்கிற பகுதி) தேவைக்கு மேல பின்னால போயிடும், அப்புறம் சேம்பருக்குள்ள கேஸ் லூசா கிடக்கும், பின் அடிச்சதும் கேஸே முன்னால ஓடிடும், அடி லேசாத்தான் விழும். போல்ட் ரைபிளுக்கு தோள ஆயிரத்துல 2 பங்கு இன்ச் பின்னால தள்ளினா போதும். அதிகமா தள்ளிட்டே இருந்தா தோட்டா வெடிக்காம போறதோட நிக்காது, நாலஞ்சு தடவ லோடு பண்ணினதும் அடிப்பக்கத்துக்கு கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியும், கேஸ் ரெண்டா பிளக்கப் போகுதுன்னு அர்த்தம்.

கடைல வாங்கின ஃபேக்டரி தோட்டாவும் அதே ரைபிள்ல சும்மா க்ளிக்னுதுன்னா ரைபிளத்தான் பார்க்கணும். போல்டுக்குள்ள பழைய கிரீஸ் கெட்டியாகி இருக்கும் (குளிர்ல இது ரொம்ப வரும்), இல்ல ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வெடிச்ச ப்ரைமர்ல இருக்கிற பள்ளத்தையும் வெடிக்காததுல இருக்கிற பள்ளத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சிடும்.

அப்போ நிஜமாவே மட்டமான ப்ரைமர் வராதான்னா, வரும், ரொம்ப அபூர்வமா. ஆன்வில் இல்லாம, மருந்து இல்லாம ஒண்ணு ரெண்டு வரலாம், ட்ரேல கொட்டினதும் கண்ணால பார்த்தா தெரியும். 2020-க்கு அப்புறம் இங்க ப்ரைமர் கிடைக்காம விலை தாறுமாறா ஏறினப்போ யார் யாரோ வீட்டு கராஜ்ல ஈரத்துலயும் வெயில்லயும் கிடந்த பழைய ஸ்டாக்கெல்லாம் விலைக்கு வந்துச்சு, கெட்டது பெரும்பாலும் அந்த வழியாதான் வருது. அதே கேஸ், அதே ரைபிள், வேற லாட் (ஒரே சமயத்துல தயாரிச்ச தொகுதி) ப்ரைமர் போட்டா எல்லாம் ஒழுங்கா வெடிக்குதுன்னா அப்போ ப்ரைமர சந்தேகப்படலாம், அதுக்காகத்தான் டப்பாவுல இருக்கிற லாட் நம்பர எழுதி வைக்கச் சொல்றது. இன்னொண்ணு, ப்ரைமர டப்பாவுல இருந்து எடுத்து கண்ணாடி பாட்டில்ல மொத்தமா கொட்டி வைக்காதீங்க தயவுசெஞ்சு, ஒண்ணு வெடிச்சா எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

நான் இந்த லெட்டர் எழுத முக்கிய காரணமே க்ளிக்னு கேட்ட அடுத்த சில செகண்ட்தான், கட்டுரைல அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல. ப்ரைமர் மெதுவா பத்தி, லேட்டா வெடிக்கிற ஹேங்ஃபயர் ஒண்ணு இருக்கு. க்ளிக்னு கேட்ட உடனே போல்ட்ட திறந்தீங்கன்னா தோட்டா உங்க முகத்துக்கு நேரா வெளிய வெடிக்கலாம். பேரல் டார்கெட்ட பார்த்தபடியே இருக்கணும், குறைஞ்சது 30 செகண்ட், சில ரேஞ்சுல ஒரு நிமிஷம்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம்தான் போல்ட்ட திறக்கணும். க்ளிக்குக்கு பதிலா "பொத்"னு சின்ன சத்தம் வந்தா இன்னும் மோசம், புல்லட் பேரல் நடுவுல சிக்கியிருக்கலாம், அதுக்குப் பின்னால இன்னொரு குண்டு சுட்டா பேரல் வெடிச்சிடும். உடனே நிறுத்தி, ரைபிள காலி பண்ணி, பேரல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கணும்.

வெடிக்காத தோட்டாவுல ப்ரைமர் துருத்திட்டு இருக்கேன்னு அப்படியே வச்சு அழுத்தற வேலையும் கூடாது, உள்ள பவுடரும் புல்லட்டும் இருக்கு. புல்லர்ங்கற கருவிய வச்சு புல்லட்ட கழட்டி, பவுடர கொட்டிட்டு அப்புறம் பாருங்க. கட்டுரையோட அடுத்த பகுதி வருதுன்னு போட்டிருந்தீங்க, அதுல வேற எதுக்கு இடம் இல்லைன்னாலும் அந்த 30 செகண்ட் விஷயத்த மட்டுமாவது கட்டம் கட்டிப் போடுங்க.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர்