தொடுதிரை வேண்டாம், தொட்டுப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உதகையில் டைனோசர், பறவை கண்காட்சி அமைப்போர் தொடுதிரையை நம்ப வேண்டாம். மழைக்கால ஈரத்திலும் மின்தடையிலும் அதுதான் முதலில் படுத்துவிடும். மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டர் என்ற டைனோசரின் முன்கை எலும்பில், இறகுகள் பொருந்தியிருந்த ஆறு சிறு மேடுகள் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த எலும்பையும் நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகின் அதே எலும்பையும் மூன்று மடங்கு பெரிதாக ரெசினில் வார்த்து, அருகருகே வையுங்கள். இரண்டிலும் மேடுகள் வரிசையாக விரலில் தட்டுப்பட்டாலே பிள்ளைகளுக்கு டைனோசர், பறவை உறவு புரிந்துவிடும். விளக்கப் பலகை எதற்கு?

பழைய பாடம் செய்த பறவைகளைத் தொடவிடாதீர்கள், ஆர்சனிக் நஞ்சு இருக்கலாம். கண்ணாடிப் பெட்டியில், 50 லக்ஸுக்கு மிகாத வெளிச்சத்தில் வைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். தவறினால் இறகில் பூஞ்சை பிடிக்கும்.

இயற்கை ஆர்வலர்கள் சிலர்,
உதகமண்டலம்