சிறிய அறைக்குப் பெரிய சப்வூஃபர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக் கழிவு விலையில் சப்வூஃபர் (முரசொலி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) வாங்க எண்ணும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, கடைக்காரரின் பேச்சை நம்பி 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை வாங்கி வந்தேன்; படம் தொடங்கியதும் அலமாரியிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தனவே தவிர, அறையின் நடுவே அமர்ந்திருந்த எனக்கு முரசொலி சப்பென்றுதான் கேட்டது.

குறை பெட்டியில் இல்லை. பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி மோதித் திரும்பி நிலையலையாக நிற்பதால், அது சுவரோரம் பெருத்தும் நடுவில் மெலிந்தும் கேட்கிறது. நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்தியதிலேயே பாதி நோய் தீர்ந்தது. பெட்டியை நாம் உட்காருமிடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டறிந்து அங்கே பெட்டியை வைப்பது பழைய உத்தி (பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்).

சிறிய அறையே தாழ்ந்த ஒலியை ஓரளவு தூக்கிக் கொடுப்பதால், துளையில்லாத மூடிய பெட்டியே போதும் என்பது என் கருத்து. பணமிருந்தால் பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல். அடியில் இடும் ரப்பர் விரிப்பு அதிர்வைக் குறைக்குமேயன்றி ஒலியைத் தடுக்காது என்பதால், கீழ்வீட்டாரை எண்ணி இரவு 10 மணிக்குமேல் அணைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர், கோலாலம்பூர்